துண்டுச் சீட்டில் ‘தேக்கு’ என்று இருந்தால் போதுமா? மலிவு மரம் தேடும் வாசகருக்கு வழக்கறிஞரின் பதில்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

பெரம்பூரில் வசிக்கும் இந்த வாசகர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை செய்கிறார். முக்காலி, புத்தக அலமாரி, சுவாமி மண்டபம் என்று இதுவரை செய்தவையெல்லாம் பிளைவுட்டில். இனி நல்ல கெட்டி மரத்தில் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால், “ஒரு ஊஞ்சல் பலகைக்கு மரக்கடையில் சொல்லும் விலையைக் கேட்டால் செய்த ஊஞ்சலையே வாங்கிவிடலாம்போல இருக்கிறது” என்கிறார்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு கடையில், கன அடி 2,800 ரூபாய் வீதம் 3.5 கன அடி ‘தேக்கு’ வாங்கினார். மொத்தம் 9,800 ரூபாய். பில் இல்லை, ‘தேக்கு 3.5’ என்று பேனாவால் எழுதிய துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்தார்கள். 7 அடி நீளம், 6 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் எட்டுப் பலகைகள். அவற்றில் ஆறை இழைத்து வைத்தார். மழைக்காலம் முடிந்து பார்த்தால் இரண்டு பலகைகள் முறுக்கிக்கொண்டுவிட்டன. பக்கத்துத் தெரு ஆசாரி, “இது தேக்கே இல்லை சார்” என்று சொல்லிவிட்டார். கடைக்காரரோ, “ஆப்பிரிக்க தேக்கு, அதுவும் தேக்குதான்” என்கிறார். அளந்து பார்த்தால் 2.8 கன அடிதான் வருகிறதாம். அதனால் அளவிலும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்.

கேள்விகள் நான்கு. கடைக்காரர் மீது வழக்கு போடலாமா? தரகர் ஒருவர் ஈட்டி மரத்தைப் பாதி விலைக்குத் தருவதாகவும், இரவில் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குவதாகவும் சொல்கிறார், வாங்கலாமா? சொந்த ஊர் நிலத்தில் அப்பா நட்ட தேக்கு இரண்டு நிற்கிறது, வெட்டிச் சென்னைக்குக் கொண்டுவரலாமா? சென்னையில் கட்டுப்படியாகும் விலையில் நல்ல மரம் எங்கே கிடைக்கும்?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. வாங்காதீர்கள். ஈட்டி மரத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டம் போட்டிருந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாதி விலை, இரவு நேரம், வீட்டு வாசல் என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தச் சீட்டு இல்லை என்றே அர்த்தம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கி வைத்திருப்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றம். “எனக்குத் தெரியாது” என்று நீங்கள் சொன்னால், “இரவில் ஏன் இறக்கினீர்கள்?” என்றுதான் முதல் கேள்வி வரும். தரகரின் எண்ணைத் தடை செய்துவிடுங்கள். ஈட்டியின் கருமை பிடிக்கும் என்றால், பழைய மேசை, கட்டில்களைப் பிரித்து விற்கும் கடையில் ரசீதோடு வாங்குங்கள். அல்லது நன்றாக வைரம் பாய்ந்த வாகையை எண்ணெய் பூசிப் பாருங்கள்.

நீங்கள் பெரம்பூர்க்காரர் என்பதால் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளை யாராவது உங்களிடம் விலை பேசக்கூடும். ரயில்வே தன் கழிவுப் பொருள்களை இணைய ஏலத்தில்தான் விற்கிறது. ஏலத்தில் எடுத்தவரின் ஆவணம் இல்லாமல் அந்தக் கட்டை உங்கள் மாடியில் இருந்தால், அது முறைப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆவணத்தோடு கிடைத்தாலும் வீட்டுக்குள் வைக்கும் சாமான் செய்ய அது உதவாது. உளுக்காமல் இருக்க அதில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் உடம்புக்கு ஆகாதது.

முறுக்கியதால் தேக்கு இல்லை என்று ஆகாது

உங்கள் கடிதத்தில் திருத்த வேண்டிய முதல் நம்பிக்கை இது. அசல் நிலம்பூர் தேக்கும்கூட ஈரம் காயாமல் அறுத்து விற்றால் முறுக்கிக்கொள்ளும். சென்னைக் காற்றில் மரம் ஏறத்தாழ 12 முதல் 15 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். அதைவிட அதிக ஈரத்தோடு வந்த பலகை காயக் காயச் சுருங்கும்; ஒரே சீராகச் சுருங்காதபோது கோணும். இளமரமாக இருந்து, ஒரு பக்கம் வைரமும் (உட்புறக் கெட்டி மரம்) மறுபக்கம் வெள்ளையும் (வெளிப்புற மென்மரம்) ஓடியிருந்தால் கோணல் இன்னும் கூடும். எனவே, “முறுக்கிவிட்டது, ஆகவே போலி” என்ற வாதம் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது. ஆசாரியின் வாய்மொழியும் போதாது, அவர் சொன்னது சரியாகவே இருந்தாலும்.

பார்க்க வேண்டியது பலகையின் தலைப்பக்கத்தை, அதாவது குறுக்கே அறுத்த முனையை. நுனியில் கூரான உளியால் ஒரு சீவல் எடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லையால் பாருங்கள். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். பழகிய கண்ணுக்கு வில்லையும் வேண்டாம். புதிதாக இழைத்த இடத்தில் பழைய தோல் வாடை வரும், விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு தட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இரோகோ மரத்தை எடுத்தால், நிறம் ஏமாற்றும். ஆனால் துளைகள் வரிசையாக இல்லாமல் எங்கும் சிதறிக் கிடக்கும், அவற்றைச் சுற்றி வெளிறிய கோடுகள் ஓடும்.

இங்கே கடைக்காரரின் பேச்சைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர் சொன்னது முழுப் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். கானா, நைஜீரியா, பெனின் போன்ற நாடுகளில் தோட்டம் போட்டு வளர்த்த அசல் தேக்கு இங்கே இறக்குமதியாகிறது. அதை ஆப்பிரிக்க தேக்கு என்று விற்பதில் தவறில்லை. அதே பெயரில் இரோகோவையும் விற்கிறார்கள். அது தேக்குக் குடும்பமே இல்லை. மோசமான மரமும் இல்லை. இரோகோ விலைக்கு இரோகோ என்று சொல்லி விற்றிருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். சட்டம் கேட்பது ஒன்றுதான்: என்ன பெயர் சொல்லி விற்றாரோ, அந்தப் பொருளாக இருக்கிறதா? 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பெயரும் விவரமும் சொல்லி விற்றால் பொருள் அதற்குப் பொருந்தியாக வேண்டும் என்கிறது. உங்கள் சீட்டில் ‘தேக்கு’ என்றுதான் இருக்கிறது. ‘ஆப்பிரிக்க’ என்ற சொல் விற்பனைக்குப் பிறகுதான் அவர் வாயில் வந்தது.

ஒரு சிக்கல் உண்டு. ஆறு பலகைகளை இழைத்துவிட்டீர்கள். பொருளை ஏற்று, அதன் உருவத்தை மாற்றியபின், “திருப்பி எடுத்துக்கொள்” என்று கேட்பது கடினம். விலை வித்தியாசத்தையும் நஷ்டத்தையும் கேட்கலாம். மீதி இரண்டு பலகைகளைத் தொடாதீர்கள். அவை வந்தபடியே இருக்கட்டும். கடைக்காரரின் சுண்ணாம்புக்கட்டிக் குறி இருந்தால் அழிக்காதீர்கள்.

அளவில் உங்களை ஏமாற்றவில்லை

இதைச் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன். மரக்கடைக் கணக்கு இப்படி: நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 7 × 6 × 1.5 = 63. அதை 144-ஆல் வகுத்தால் 0.4375. எட்டுப் பலகைக்குச் சரியாக 3.5 கன அடி. நீங்கள் அளந்தது இழைத்த பலகையை; அந்த அளவையே எட்டுக்கும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இழைத்த பலகை 5¾ அங்குல அகலம், 1¼ அங்குலக் கனம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெருக்கினால் எட்டுக்கும் சேர்த்து 2.8-க்குப் பக்கம் வருகிறது. இழைத்த ஆறு பலகைகளில் குறைந்த அரை கன அடிச் சொச்சம் உங்கள் மாடியில் சுருள் சுருளாகக் கிடந்திருக்கும்; இழைக்காத இரண்டில் எதுவும் குறையவில்லை. விற்பது அறுப்பு அளவில். கையில் நிற்பது இழைப்பு அளவில். ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போகும் என்று எண்ணித்தான் மரம் வாங்க வேண்டும். கடைக்காரருக்கு அனுப்பும் நோட்டீஸில் இந்தக் குற்றச்சாட்டைச் சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு உங்கள் நியாயமான புகாரையும் கேலியாக்கிவிடுவார்.

முழு உருட்டு மரமாக வாங்கினால் கணக்கு வேறு. சுற்றளவில் கால் பங்கை வர்க்கம் எடுத்து நீளத்தால் பெருக்குவார்கள். இதில் உண்மையான கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைத்துக் காட்டும். அது உங்களுக்குச் சாதகம்போலத் தெரிந்தாலும், அறுக்கும்போது போகும் கழிவு அதைத் தின்றுவிடும்.

சென்னையில் மலிவாக எங்கே, எதை?

நான் வழக்கறிஞர், ஆனாலும் வீட்டுப் பின்கட்டில் எனக்கும் ஓர் உளிப்பெட்டி உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

தேக்கைத் தவிர மற்றது மரமே இல்லை என்ற எண்ணத்தோடு கடைக்குப் போகிறீர்கள். சென்னையில் மரம் விலையேறித் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். நம் ஊர் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பூவரசு, வேம்பு, வாகை, பலா, மா ஆகியவற்றில் வண்டியும் கதவும் பெட்டியும் செய்திருக்கிறார்கள். சாலையோர நிழல் மரமாக மட்டும் நாம் பார்க்கும் தூங்குமூஞ்சி மரத்தின் வைரம் நல்ல காபிக் கொட்டை நிறம். அகலமான பலகை வரும், விலையோ தேக்குக்குக் கிட்டேயே வராது. பலா மஞ்சளில் தொடங்கிப் பொன்னிறமாக முதிரும். மாவை வாங்கினால் வண்டு துளைக்கும், பூஞ்சைக் கறை ஏறும் என்பதை எதிர்பார்த்து, அறுத்த உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் நனைத்துக் காயவிட வேண்டும். ரப்பர் மரத்துக்கும் அதே சிகிச்சை வேண்டும்; சிகிச்சை செய்து உலர்த்தியதா என்று கேட்டே வாங்குங்கள். வாகைத் தூள் மூக்கை எரிக்கும். முகக்கவசம் இல்லாமல் இழைக்காதீர்கள். நாடு முழுக்கத் திட்டித் தீர்க்கும் சீமைக் கருவேலத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கரிக்குப் போகும் அந்தக் கோணல் கட்டையின் உள்வைரம் சுருங்குவதும் விரிவதும் மிகக் குறைவு. உளிப்பிடிக்கும் சிறு பெட்டிக்கும் அதற்கு நிகர் குறைவு.

இடம் என்று கேட்டால், செங்குன்றம், மாதவரம் பக்கம் ஜி.என்.டி. சாலையோரம் மரக்கிடங்குகளும் அறுவை மில்களும் வரிசையாக இருக்கின்றன. உங்களுக்குப் பெரம்பூரிலிருந்து கூப்பிடு தூரம். கதவு நிலை அறுக்கும் மில்லில் நீளமான சட்டங்களை விலை கேட்காதீர்கள். இரண்டடி, மூன்றடித் துண்டுகள் எங்கே கிடக்கின்றன என்று கேளுங்கள். ஏழடிக்குக் குறைந்தால் நிலைக்கு ஆகாது. அதனால் அவை மூலையில் குவிந்திருக்கும், விலையும் இறங்கும். முக்காலிக்கும் பெட்டிக்கும் ஏழடிப் பலகை எதற்கு? முதலில் செய்யப்போகும் சாமானின் ஒவ்வோர் உறுப்பையும் அளவோடு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் வாங்கிய 3.5 கன அடியில் பாதியைத் துண்டு மரத்தில் முடித்திருக்கலாம் என்பது என் கணிப்பு. வெள்ளிக்கிழமைகளில் கூடும் பல்லாவரம் சந்தையையும் ஒருமுறை சுற்றிவாருங்கள். பழைய மரச்சாமான்கள் வரும், பேரம் பேசத் தெரிய வேண்டும்.

உண்மையான புதையல் இடிக்கும் வீடுகளில் இருக்கிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கூரையில், செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். அதைத் தாங்கி நிற்பவை நெருக்கமாக வைத்த மரக்கட்டைகள். அவற்றில் பர்மா தேக்கும் உண்டு. எழுபது, எண்பது ஆண்டு காய்ந்த மரம். இனி முறுக்க அதில் ஈரமே இல்லை. ஆனால் நுனிகளைத் தட்டிப் பாருங்கள். சுவருக்குள் புதைந்திருந்த பகுதியைக் கரையான் தின்றிருக்கும். ஆணிதான் பெரிய தொல்லை. ஒரு சின்ன உலோகம் கண்டறியும் கருவி வாங்குங்கள். ஆணி இருந்து ரம்பம் போனால் மில்காரர் ரம்பத்தின் விலையை உங்களிடம்தான் கேட்பார், அதில் தவறும் இல்லை. இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம், எந்த முகவரிக் கட்டடத்திலிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நூறாண்டு தாண்டிய சிற்ப வேலைப்பாடுள்ள மரம் கையில் சிக்கினால் அறுத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதைப் பார்க்கும் விதமே வேறு.

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேக்கிங் பலகைகள் பெரும்பாலும் பைன், நீங்கள் தேடும் கெட்டி மரம் அல்ல. பழகிப் பார்க்க வாங்கலாம். முத்திரையில் ‘எச்.டி.’ என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

புயலில் விழுந்த சாலையோர மரத்தை “யாருக்கும் சொந்தமில்லாதது” என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாநகராட்சியின் சொத்து. 2016 வர்தா புயலின்போது தெருத்தெருவாக மரம் கிடந்ததைப் பார்த்த ஊர் இது; அப்போதும் சட்டம் அதுதான். அடுக்குமாடி வளாகத்துக்குள் விழுந்ததென்றால் சங்கத்திடம் எழுதிக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நிற்கும் இரண்டு தேக்கு

பட்டா நிலம், அப்பா நட்டது, எனவே நம் இஷ்டம் என்று நினைக்கிறீர்கள். இரண்டு தடைகள் உண்டு. அப்பா உயில் எழுதாமல் காலமானதாகச் சொல்கிறீர்கள். அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். அப்பா சம்பாதித்த நிலமென்றால் மரத்திலும் மூவருக்கும் சம பங்கு. தங்கை மறுக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இருவரிடமும் சம்மதக் கடிதம் வாங்குங்கள். பிற்பாடு பாகப்பிரிவினை வரும்போது இந்த இரண்டு மரமும் பேச்சில் வரும், நான் பார்த்த குடும்பங்களில் வந்திருக்கிறது.

அடுத்தது வனத்துறை. வெட்டுவதற்கு முன்பே சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்றோடு வனச்சரகர் அலுவலகத்தை அணுகுங்கள். 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் தேக்கை லாரியில் ஏற்றாதீர்கள். வெட்டிவிட்டுச் சீட்டு கேட்டால் நிற்கும் மரத்தை எங்கே போய்க் காட்டுவீர்கள்?

இத்தனையும் செய்து என்ன கிடைக்கும்? சுற்றளவு மூன்றடி என்கிறீர்கள். பன்னிரண்டடி நேரான கட்டை கிடைத்தால் மரத்துக்கு 6.75 கன அடி. பதினெட்டு வயது மரத்தில் பாதி வெள்ளையாகத்தான் இருக்கும், அறுப்பில் போவது தனி. வெட்டுக்கூலி, அறுப்புக்கூலி, லாரி வாடகை எல்லாம் போட்டால் மலிவாகத் தெரியவில்லை. அவசரம் இல்லையென்றால் நிற்கட்டும்.

இனி அந்த 9,800 ரூபாய்

பில் இல்லாததால் உரிமை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். துண்டுச் சீட்டு, யுபிஐயில் பணம் போன பதிவு, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவை சாட்சிதான். அவ்வப்போது அலுவலக நண்பர்களுக்கு முக்காலி விற்றதால் நுகர்வோர் அல்ல என்று ஆகிவிடுமோ என்ற உங்கள் சந்தேகமும் வேண்டாம். இந்த மரத்தைச் சொந்தப் பொழுதுபோக்குக்குத்தானே வாங்கினீர்கள்? பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்கிறது. வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, காலக்கெடு இரண்டாண்டு. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே போடலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே.

போடலாம் என்பதால் போட வேண்டும் என்று இல்லை. ஆணையம் மரத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும். பெங்களூரில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் இனம் கண்டு சொல்வார்கள். ஆய்வில் அது ஆப்பிரிக்காவில் வளர்ந்த அசல் தேக்கு என்று வந்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. அதனால் முதலில் வில்லையை எடுத்துத் தலைப்பக்கத்தைப் பாருங்கள். துளைகள் வரிசையாக இருந்தால் பேச்சை விடுங்கள். ஈரமரம் விற்றதற்காக அடுத்த முறை விலை குறைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். சிதறியிருந்தால் தொடாத இரண்டு பலகைகளோடு கடைக்குப் போய், தேக்குக்கும் அந்த மரத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேளுங்கள், அல்லது அந்தத் தொகைக்கு வேறு மரம் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் நகரவில்லை என்றால் பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஆணையம்.

நோட்டீஸோடு துண்டுச் சீட்டின் நகலை மட்டும் இணையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்; பேனா மை மங்குவதற்குள் இன்றே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.